"ஏறும் சார்" என்று சொல்வதற்கு முன்: டயர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் டயர் கடை நடத்தும் முதலாளிகளுக்கும், ஜாக்கி போட்டு வீல் கழற்றும் தம்பிகளுக்கும் வணக்கம்.

"இதைவிடக் கொஞ்சம் அகலமா போடலாமா?" என்று கார்க்காரர் கேட்கிறார். "தாராளமா ஏறும் சார்" என்று பதில் வருகிறது. ரிம்மில் டயர் ஏறுவது வேறு, அந்த வண்டிக்கு அது பொருந்துவது வேறு. பொருந்துமா என்பதற்கு ஐந்து நிமிடக் கணக்கு ஒன்று இருக்கிறது. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் போட்டுப் பார்த்து, பில்லிலும் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். வண்டியில் இப்போது மாட்டியிருக்கும் அளவை நம்பாதீர்கள். முந்தைய ஓனர் எதையாவது மாற்றியிருக்கலாம்.

உங்கள் கடைக்கு அடிக்கடி வரும் மாருதி சுசூகி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். 2018-ல் வந்த மாடலில் கீழ் வேரியன்டுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியன்டுக்கு 185/65 ஆர்15. இதில் 165 என்பது மி.மீட்டரில் டயரின் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் சைடு வால் (டயரின் பக்கச் சுவர்) எத்தனை சதவீத உயரம் என்ற விகிதம், 14 என்பது ரிம்மின் அங்குலம். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் சைடு வால் உயரம் கிடைக்கும். அதை இரண்டு மடங்காக்கி, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்டினால் டயரின் மொத்த விட்டம். முதல் அளவுக்கு 619.6 மி.மீ., இரண்டாவதுக்கு 621.5 மி.மீ. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. கம்பெனிக்காரன் ரிம்மைப் பெரிதாக்கும்போது சைடு வாலைக் குறைத்து விட்டத்தை அப்படியே வைத்திருக்கிறான். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் கடையில் நடப்பது என்ன? 14 அங்குல ரிம்மில் அகலம் கேட்டவருக்கு, ஸ்டாக்கில் இருக்கிறது என்பதற்காக 185/65 ஆர்14 போய்விடுகிறது. அதன் விட்டம் 596 மி.மீ., கிட்டத்தட்ட 4 சதவீதம் குறைவு. வண்டி 12 மி.மீ. இறங்கிவிடும், வேகத்தடையில் அடி தட்டும், ஓடாத கிலோமீட்டரும் மீட்டரில் ஏறும். அதே ரிம்முக்கு 185/70 ஆர்14 கொடுத்திருந்தால் 614.6 மி.மீ., ஒரு சதவீதத்துக்குள் முடிந்திருக்கும். 15 அங்குலக்காரருக்கு 205/65 போட்டால் தவறு எதிர்ப்பக்கம் போகிறது. விட்டம் 4 சதவீதம் கூடி, மீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாக ஓடும். இது இன்னும் ஆபத்தானது. விட்ட வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 3-ஐத் தாண்டவே வேண்டாம்.

அடுத்தது பாரம் தாங்கும் எண். அளவுக்குப் பக்கத்தில் 85, 88 என்று இருப்பதைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 88 என்றால் 560 கிலோ. இதே வண்டிக்கு 17 அங்குல அலாய் வீல் கேட்டு வருபவருக்கு 205/45 ஆர்17 கொடுக்கிறோம். விட்டம் 616 மி.மீ., சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதாரண வகையில் அதன் எண் 84, அதாவது 500 கிலோ. பார்க்கப் பெரிய டயர், தாங்குவதோ 85 எண் கொண்ட பழைய ஒல்லி டயரைவிடக் குறைவு. எக்ஸ்.எல். என்ற கூடுதல் பாரம் தாங்கும் வகை எடுத்தால் 88 வரும். ஆனால் அந்த 560 கிலோவும் 42 பி.எஸ்.ஐ. காற்றில்தான். கதவு ஸ்டிக்கரில் உள்ள பழைய காற்றையே அடித்து அனுப்பினால் எக்ஸ்.எல். வாங்கியும் பலனில்லை. சைடு வாலும் 132 மி.மீட்டரிலிருந்து 92-க்கு வந்துவிடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே நூல் அறுந்து, பக்கவாட்டில் முட்டைபோல் வீங்கும். வீங்கிய டயருக்கு ரிப்பேர் கிடையாது. நம்மூர் சாலைக்கு 15 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம் என்று கஸ்டமரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

அலாய் மாற்றும்போது ஆஃப்செட்டைக் கேட்காமல் விற்காதீர்கள். வீலின் நடுக்கோட்டிலிருந்து வண்டியில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், வீலில் இ.டி. என்று போட்டிருக்கும். 5.5 அங்குல அகலம், இ.டி. 45 இருந்த இடத்தில் 7 அங்குலம், இ.டி. 35 மாட்டினால், வீலின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே வருகிறது, உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே போகிறது. வெளியே ஃபெண்டர் உரசும், உள்ளே ஸ்ட்ரட் (சஸ்பென்ஷன் தூண்) நெருங்கும், வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். மாட்டியதும் டயரின் இரண்டு தோள்களிலும் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடுங்கள். பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஒரு வேகத்தடை ஏறி இறங்கி வாருங்கள். கோடு அழிந்த இடத்தில் டயர் உரசுகிறது. காலி வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்த்து "இடிக்கலை" என்று சொல்வது சோதனையே ஆகாது.

நட்டு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் வீலே கழன்றுவிடும். ஸ்விஃப்டுக்கும் பல ஹூண்டாய் கார்களுக்கும் நான்கு நட்டுத் துளை, அந்தத் துளைகள் அமைந்த 100 மி.மீ. வட்டம், 54.1 மி.மீ. நடுத்துளை என்று எல்லாம் ஒன்றுதான். அதனால் வீல் மாறி ஏறிவிடும். ஆனால் சுசூகியின் 12 மி.மீ. ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்) மரை இடைவெளி 1.25 மி.மீ., ஹூண்டாயில் 1.5. மாற்று நட்டைக் கையால் வைத்தால் இரண்டு சுற்று போய் நிற்கும். அங்கே ஏர் கன்னை வைத்து அழுத்தினால் மரை சீவிக்கொண்டு போகும், பார்வைக்கு இறுகியதுபோலவே இருக்கும். முதலில் எல்லா நட்டையும் கையாலேயே கடைசிவரை சுற்றுங்கள், பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) மேனுவலில் சொன்ன அளவுக்கு, எதிரெதிராக இறுக்குங்கள். வெளிக்கடை அலாயின் நடுத்துளை பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. இருக்கும். 73.1-லிருந்து 54.1-க்கு இடைவெளியை நிரப்பும் ரிங் போடாமல் விட்டால் வீல் நடுவில் உட்காராது. பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கிக்கொண்டே இருக்கும். கஸ்டமர் அலைன்மென்டுக்கு வீண்செலவு செய்வார்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுபவருக்குப் புதியதைப் பின்னால் போடுங்கள், வண்டி முன்வீல் இழுவையாக இருந்தாலும் சரி. மழைத் தண்ணீரில் முன் டயர் மிதந்தால் வண்டி திரும்பாமல் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின் டயர் மிதந்தால் வண்டியே சுழன்றுவிடும், அதை மீட்க எல்லா டிரைவராலும் முடியாது.

ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். நான்கு வீலின் விட்டத்தை மாற்றிவிட்டுப் பழைய ஸ்டெப்னியை டிக்கியில் விட்டால், பஞ்சர் அன்று அதை எந்த அச்சில் போட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். முன்வீல் இழுவைக் காரில் அது பின்னால்தான் போக வேண்டும்.

பில்லில் நாங்கள் கேட்பது நான்கு வரி: கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவு, மாட்டிய அளவும் பார எண்ணும், டயரில் உள்ள தயாரிப்பு வாரமும் ஆண்டும், அடித்த காற்று. 2324 என்று இருந்தால் 2024-ன் 23-ஆவது வாரம் என்பதைக் கஸ்டமருக்கு டயரிலேயே காட்டுங்கள். 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டு இறுக்கிப் பார்க்க வரச் சொல்லி, அதற்குக் காசு வாங்காதீர்கள். விட்டமோ, பார எண்ணோ, ஆஃப்செட்டோ, நடுத்துளையோ ஒன்று தெரியாவிட்டாலும் கம்பெனி அளவையே மாட்டி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இதே தொழிலில் இருக்கும் உங்கள் தோழர்கள்