அக்காவுக்கு, லென்ஸ் விஷயமாக

அக்கா,

முடிவு பண்ணிவிட்டேன். கான்டாக்ட் லென்ஸுக்கு மாறப்போவதில்லை, கண்ணாடிதான். போன வாரம் நீ கேட்டபோது "இன்னும் யோசிக்கிறேன்" என்றது சாக்கு இல்லை, அப்போது நிஜமாகவே யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது முடிந்தது. இதை போனில் சொல்லாமல் நாலு பேர் பார்க்க எழுதுவானேன் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "நீ எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பிப்பாய், அப்புறம் பேச்சு லென்ஸை விட்டு எங்கெங்கோ போகும்.

போட்டுப் பார்க்காமலே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. நீ சொன்னபடியே போனேன். கருவிழி வளைவு, அது இது என்று அளவெல்லாம் எடுத்தார்கள், உனக்குத் தெரிந்ததுதான். ட்ரையல் லென்ஸ் விரல் நுனியில் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பக்கவாட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள்: விளிம்பு நேராக மேலே நின்றால் சரி, வெளிப்பக்கம் விரிந்து சரிந்தால் உள்ளது வெளியாகத் திரும்பிக் கிடக்கிறது. நான் வைத்திருந்தது திரும்பித்தான் கிடந்தது. அப்புறம் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனால் இமை மூடிக்கொள்கிறது, நான் மூடவில்லை, அதுவே மூடுகிறது. அந்தப் பெண் பொறுமையாக, மேல் இமையை மயிர்க்காலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். லென்ஸ் நழுவி கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போய்விடும் என்று சின்ன வயதில் நீ என்னைப் பயமுறுத்தினாயே, அதைச் சொன்னேன், சிரித்தாள். இமையின் உள்சவ்வு மடங்கி வந்து கண்ணோடு ஒட்டிக்கொள்கிறதாம், அதைத் தாண்டிப் போக வழியே கிடையாது. இத்தனை வருஷமாக ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்திருக்கிறது பார்.

ஒருவழியாக ரெண்டும் உள்ளே போயின. முதலில் கண்ணீர், உறுத்தல். அது அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தால் அறை பெரிதாகிவிட்டது. கிட்டப்பார்வைக்குப் போடுகிற மைனஸ் கண்ணாடி எல்லாவற்றையும் சற்றுச் சுருக்கித்தான் காட்டுகிறது என்பது தெரியும், ஆனால் அது இத்தனை நாளும் எனக்கு நடந்துகொண்டிருந்தது என்று தெரியாது. ஓரத்தில் ஃபிரேம் இல்லை. கீழே பார்க்கத் தலையைக் குனிய வேண்டியதில்லை, கண்ணைத் தாழ்த்தினாலே போதும். அப்புறம் நிலைக்கண்ணாடி முன்னால் நின்றேன். என் கண் பெரிதாக, முகத்துக்குச் சரியான அளவில் இருந்தது. அப்படியே உன் கண், அக்கா. நமக்கு ஒரே கண் என்று அம்மா சொல்வதை அம்மாவின் ஆசை என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அந்தப் பெண்ணுக்கு நான் அழுகிறேனா, லென்ஸ் உறுத்துகிறதா என்று புரிந்திருக்காது.

அந்த இடத்தில்தான் நீ அன்றைக்கு என் கண்ணாடியைத் தள்ளியது ஏன் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

எந்த நாள், எந்த மேடை என்று எழுதவில்லை, தெரிந்தவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். அந்தச் சின்ன அறை மட்டும். உன் பெயரைக் கூப்பிடக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தூசி விழுந்து ஒரு லென்ஸைக் கழற்றினாய், கைநழுவிப் போனது. நான் போன் வெளிச்சத்தைத் தரையோடு படுக்கவைத்துத் தேடினேன், நீ சுவரைப் பிடித்தபடி "மிதிச்சிடாதே, மிதிச்சிடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மேஜைக்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஓரம் காய ஆரம்பித்து, வெட்டிப்போட்ட நகம் மாதிரி விறைத்திருந்தது. உன் கண்ணாடியை நீ கொண்டுவரவில்லை. பையில் இருந்தால்கூட யாராவது பார்த்துவிடுவார்கள் என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாய். நான் என்னுடையதைக் கழற்றி நீட்டினேன். உன் லென்ஸ் டப்பாவில் பவர் 6.50 என்று போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன், என் கண்ணாடியும் 6.50, பொருந்தாமல் எங்கே போகும் என்று எனக்கு எண்ணம். அந்த நிமிஷத்தில் ரெண்டு பேருக்கும் எதுவும் சரியாகத் தெரியவில்லை, தெரியுமா? உனக்கு ஒரு கண்ணில் லென்ஸ் இல்லை, எனக்குக் கண்ணாடியே இல்லை. கலங்கலாக உன் கை வருவது தெரிந்தது. வாங்கிக்கொள்ளத்தான் வருகிறது என்று நினைத்தேன். என் மணிக்கட்டை ஒதுக்கித் தள்ளினாய். "இதப் போட்டுக்கிட்டு நான் மேடை ஏறணுமா?" என்றாய்.

நான் அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரிக்குப் போனேன், வேலைக்குப் போகிறேன். எல்லா மேடையிலும் ஏறியிருக்கிறேன்.

அப்புறம் நீ குழாயைத் திறந்தாய். அதற்கு மேல் எழுத மாட்டேன். அடுத்த வாரங்களில் நடந்தது உன் விஷயம். எந்தக் கண் என்றுகூட இங்கே சொல்லவில்லை.

ஆனால் இதைப் படிக்கிறவர்களில் லென்ஸ் போடுகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக இதை மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. லென்ஸில் தண்ணீரே படக்கூடாது. குழாய்த் தண்ணீர், ஷவர், நீச்சல்குளம், வடிகட்டின குடிநீர், எதுவும். அகாந்தமீபா என்று ஓர் அமீபா தண்ணீரில் சர்வசாதாரணமாக இருப்பது. லென்ஸோடு ஒட்டிக் கருவிழிக்குள் நுழைந்துவிட்டால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும், பார்வைக்கே ஆபத்தாகலாம். (உனக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. பிராணவாயுவைக் காற்றில் இருந்து, கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது, அதோடு தூங்கினால் இமையும் சேர்ந்து மூடிக்கொள்கிறது. 1990களின் கடைசியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் காற்றை நன்றாக விடும் என்பது நிஜம், அதற்காகப் போட்டுக்கொண்டு தூங்கினால் கிருமித்தொற்று வராது என்று அர்த்தமில்லை. டப்பாவில் மிஞ்சிய, லென்ஸ் ஊறிய பழைய சொல்யூஷனில் புதுசை ஊற்றி நிரப்பாதீர்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதற்கு அப்புறம் நீ எவ்வளவு சுத்தமாக இருக்கிறாய் என்பதை நான் பார்த்திருக்கிறேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் துளி இல்லாமல் துடைத்து, அதுவரை யாரையும் கிட்டே விடமாட்டாய்.

இப்போது மன்னிப்புக் கேட்கிற இடம். வீட்டில் யார் என்னைப் பார்த்து "நீயும் லென்ஸ் போட்டுக்கொள்ளேன்" என்றாலும் நான் உடனே "அக்கா பட்டது போதாதா" என்பேன். பேச்சு அங்கேயே நின்றுவிடும். வசதியாக இருந்தது. உன்னைச் சாட்சிக்கு இழுத்தேன், உன்னைக் கேட்காமல், சில சமயம் நீ பக்கத்து அறையில் இருக்கும்போதே. அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் வேறு என்ன சொல்லியிருப்பேன்? நீ ஒதுக்கித் தள்ளியது நெஞ்சில் நிற்கிறது, அதனால்தான் பிடிவாதமாகக் கண்ணாடியோடு இருக்கிறேன் என்றா? ஒரு தங்கச்சி அக்காவைப் பற்றி அப்படியெல்லாம் நாலு பேரிடம் சொல்ல முடியுமா? (இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன், தெரிகிறது.) இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம் என்று அம்மா ஒருமுறை என்னிடம் சொன்னாள். நான் வற்புறுத்தி நீ எதைக் கேட்டிருக்கிறாய்?

அந்த 6.50 கணக்கு போன வாரம்தான் தெளிந்தது. கண்ணாடி கண்ணில் இருந்து 12 மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே உட்காருகிறது. அந்த இடைவெளியால், பவர் 4-க்கு மேல் போனால் ரெண்டுக்கும் ஒரே எண் வராது, மைனஸில் லென்ஸுக்குக் குறையும். என் 6.50 கண்ணாடி லென்ஸில் 6.00 ஆகிறது. உன் 6.50 லென்ஸ் கண்ணாடியில் 7. ஆக, அன்றைக்கு என் கண்ணாடியைப் போட்டிருந்தால் உனக்கு அரைப் பவர் குறைந்திருக்கும். கடைசி வரிசை முகங்கள் கொஞ்சம் மங்கியிருக்கும். படி தெரிந்திருக்கும், கையில் இருந்த தாள் தெரிந்திருக்கும், ஒரு மணி நேரம் சமாளித்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் தாளில் போட்டுப் பார்த்தேன், எதற்கென்று கேட்காதே.

சரி, ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். அன்றைக்கு நடந்தது காரணமில்லை. காரணமாக இருந்திருந்தால் நான் போட்டுப் பார்க்கவே போயிருக்க மாட்டேன்.

எனக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்துவிட்டது. இந்த வயதில் கிட்டப்பார்வைக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒரு சலுகை இருக்கிறது, அதை நீ மறந்தே போயிருப்பாய். கண்ணாடியைக் கழற்றினால் போதும், அரை அடி தூரத்தில் உள்ளது அவ்வளவு துல்லியமாகத் தெரியும். மாத்திரை அட்டையின் பொடி எழுத்து, ஊசிக்காது, விரலில் ஏறிய சிராய். என் வயதில் மற்றவர்கள் கையை நீட்டி நீட்டிப் பார்க்கையில் நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிடுகிறேன். லென்ஸ் போட்டால் இது போய்விடும், நினைத்தபோது கழற்றிப் போட அது என்ன கண்ணாடியா? போதாததற்கு, மைனஸ் கண்ணாடி வழியே கிட்டத்தில் பார்க்கக் கண்ணுக்குக் கொஞ்சம் குறைவான உழைப்பு, லென்ஸில் அதுவும் கூடிவிடுகிறது. அந்த அறையிலேயே தெரிந்தது. சுவரில் இருந்த அட்டையின் கடைசி வரி வரை படித்தேன், கையில் கொடுத்த படிவத்தைப் படிக்க முடியவில்லை.

ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு என்று போடலாம் என்பாய். தூரம், கிட்டம் ரெண்டுக்கும் ஒரே லென்ஸாக மல்டிஃபோக்கல் இருக்கிறது என்பாய். எனக்கு வலது கண்ணில் சிலிண்டர் வேறு இருக்கிறது, அதாவது ஒரு திசையில் மட்டும் பவர் மாறுகிறது. அதற்கு டோரிக் லென்ஸ், அது சுழலாமல் நிற்க வேண்டும், நான் ஒருக்களித்துப் படுத்துப் படிக்கிறவள். நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிற வேலை, திரையைப் பார்த்தால் கண் சிமிட்டுவதே குறைந்துபோகும், சாயங்காலம் ஆனால் இப்போதே கண் வறளுகிறது. இதற்கு மேல் எதற்கு?

அப்புறம் ஒன்று, சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன தடவை வந்தபோது நீ லென்ஸும் போட்டுக்கொண்டு, அதன் மேல் படிக்கிற கண்ணாடியும் போட்டுக்கொண்டு போன் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்ததும் சட்டென்று கழற்றினாய். என் முன்னாலுமா, அக்கா?

லென்ஸ் பேச்சு வந்தால் நீ சொல்லும் கதை ஒன்று உண்டு, இப்போது அதை எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே, பிள்ளைகள் வைத்து விளையாடும் மெர்க்கூர் கட்டுமானப் பொம்மையில் எந்திரம் செய்து, சைக்கிள் டைனமோவை வைத்து அச்சைச் சுழற்றி, மென்மையான லென்ஸை வார்த்தெடுத்தது. நீ இதைச் சொல்லும்போது கையால் சுழற்றிச் சுழற்றிக் காட்டுவாய். உனக்கு அந்த லென்ஸ் என்னவாக இருந்தது என்பது எனக்கு அந்தக் கையில் தெரியும். வகுப்பில் உன்னைச் சோடாபுட்டி என்று கூப்பிட்டவர்களின் பெயர்கூட எனக்கு நினைவிருக்கிறது. என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு அது உறைக்கவில்லை, நீ முன்னால் நடந்துபோய் எல்லாவற்றையும் முதலில் வாங்கிக்கொண்டாய் என்பதால் இருக்கலாம். அதை நான் என்றைக்கும் உன்னிடம் சொன்னதில்லை.

அடுத்த மாதம் வரும்போது உன் பழைய கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா, பவர் பார்த்து உனக்கும் புதிதாக ஒன்று போட்டுவிடலாம். லென்ஸ் போடுகிறவர்களுக்கும் கண்ணாடி ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று உன்னிடமே எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள். நீ போட மாட்டாய், தெரியும். பையில் கிடக்கட்டும். ஃபிரேம் நீயே எடு, நான் எடுத்தால் குறை சொல்வாய். பதில் சொல்வதானால் போன் பண்ணு, இங்கே வேண்டாம்.

உன் தங்கை