மன்னிப்பு வந்தது, சட்டம் மாறவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கொவிட் காலத்துக் கட்டாயத் தகனத்துக்காக 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியதோடு விடயம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். 2020 ஏப்ரலில் தனிமைப்படுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானி, அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலையும் பொருட்படுத்தாது, நிலத்தடி நீர் மாசடையும் என்ற ஆதாரமற்ற அச்சத்தின் பேரில், இறந்தோரை அடக்கம் செய்யும் முஸ்லிம்கள் உட்பட, கொவிட்டால் இறந்த எல்லோரின் உடல்களையும் எரிக்கப் பணித்தது. அதற்கெதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் காரணம் கூறாமலே தள்ளுபடி செய்தது. அதே மாதம், பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவும் தகனம் செய்யப்பட்டதன் பின்னர், பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். கூட்டம் கூட முடியாத காலத்தில் அதைவிட அமைதியான எதிர்ப்பை எவரால் காட்ட முடியும்? பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணியும் ஜனாஸாக்களை (முஸ்லிம்களின் உடல்களை) அடக்கும் உரிமையைத் தன் கோரிக்கைகளில் ஒன்றாக ஏந்திச் சென்றது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது; அதுவும் உறவினரின் ஊர் மையவாடியில் அல்ல.

இதே தனிமைப்படுத்தல் விதிகளைக் கொண்டுதான் 2021 ஜூலையில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்தவர்கள், நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும், தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். நோய்த் தடுப்புக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊரடங்கை நானும் கடைப்பிடித்தேன். ஆயினும் இவ்வதிகாரங்களுக்கு அடிப்படையான கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டுக்குரியது. அதன் கீழ் பிறப்பிக்கப்படும் ஒவ்வோர் ஒழுங்குவிதியும் நிபுணர் அறிக்கையுடன் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டு, குறித்த காலத்தில் காலாவதியாகும் வகையில் அது திருத்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.