காரணம் எழுதுகிறவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த நோயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று இறப்புப் பதிவேட்டை வைத்துக் கணக்குக் காட்டிய சென்ற இதழின் நோய்ச்சுமைக் கட்டுரையில் "பதிவேடு பொய் சொல்லாது" என்று ஒரு வரி. அதற்கு மேல் எனக்குப் படிப்பு ஓடவில்லை. எழுதிக் கொடுத்ததைத்தான் பதிவேடு சொல்லும். எழுதியவர் யார் என்று கட்டுரையாளர் விசாரித்தாரா?

மருத்துவமனை ஆவணப் பிரிவில் இறப்புச் சான்றிதழ்களுக்கு ஐசிடி குறியீடு, அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உலக அளவில் வகுத்த எண், போட்டே ஓய்வுபெற்றவன் நான். படிவத்தின் முதல் வரியில் கடைசியாக உயிரைப் பறித்தது எது என்று எழுத வேண்டும். கீழே இறங்கி, எல்லாவற்றையும் தொடங்கி வைத்த நோயில் முடிக்க வேண்டும். புள்ளிவிவரத்துக்கு எடுப்பது அந்த அடிப்படைக் காரணத்தைத்தான். என் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு 'இதயத் துடிப்பு நின்றது', அவ்வளவுதான். நிற்காமல் யாராவது இறந்திருக்கிறார்களா ஐயா? டாக்டரிடம் கேட்டால், "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்பார். அதுதான் சார் என் வேலை.

என் அண்ணனுக்கு நெடுநாள் சர்க்கரை. காலில் புண் வந்து, புரையோடி, ரத்தத்தில் தொற்று ஏறிப் போய்ச் சேர்ந்தார். சான்றிதழில் இதயம் நின்றதாக இருக்கிறது. அவருடைய மரணத்தில் சர்க்கரைக்குப் பங்கே இல்லை போலும்! உலக நோய்ச்சுமை ஆய்வாளர்கள் இப்படிப்பட்டவற்றைக் 'குப்பைக் குறியீடு' என்றே அழைத்து, வேறு காரணங்களுக்குப் பங்கிட்டுப் போடுகிறார்கள். அந்தப் பங்கீடு ஒரு கணிப்பு. தங்கள் அட்டவணையில் அது எண்ணிப் பார்த்த கணக்குபோலக் கம்பீரமாக நிற்கிறது.

1662-லேயே லண்டன் இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்த துணி வியாபாரி ஜான் கிராண்ட், பிணம் பார்க்க வரும் கிழவிகள் ஒரு கோப்பை மதுவுக்கும் சில்லறைக்கும் மயங்கி, பாலுறவால் பரவும் மேகநோயைக் காசநோய்க் கணக்கில் சேர்த்துவிடுவதைக் குறித்து வைத்தார். அந்தச் சந்தேகம் தங்கள் கட்டுரையாளருக்கு வரவில்லை.

அப்புறம், புற்றுநோய் 'பாய்ச்சல்' என்று முன்பு ஒரு தலைப்பு போட்டீர்களே! தென்கொரியாவில் ஸ்கேன் வைத்துத் தேடியதில், தைராய்டு புற்றுநோய்ப் பதிவு விகிதம் 1993-ஐவிட 2011-ல் 15 மடங்கானது. இறப்பு விகிதம் அசையவே இல்லை. தேடினால் பதிவு கூடும் என்று அப்போதே கடிதம் எழுதினேன். இடமில்லை என்று பதில் வந்தது. குறுக்கெழுத்துக்கு முழுப்பக்கம் இருந்தது.

முதியவர் நிறைந்த ஊரையும் இளைஞர் நிறைந்த ஊரையும் வயதுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் ஒப்பிட்டு 'எங்கே சாவு அதிகம்?' என்று வரைபடம் போட்டதும் தாங்கள்தான். தங்களுக்குத் தெரியாததா? சரி, விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இனி இறப்பு அட்டவணை வெளியிட்டால், எத்தனை விழுக்காடு இறப்புகளுக்கு மருத்துவர் காரணம் எழுதினார், அதில் குப்பைக் குறியீடு எவ்வளவு என்று அடியில் ஒரு வரி சேருங்கள். பொடி எழுத்தில் போட்டாலும் போதும். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள்ளலாம். தங்களுக்கு அது பழக்கம்தானே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவணப் பிரிவு ஊழியர்