பெர்லினில் டீ போடும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

"அம்மா போடுற டீ மாதிரி வரவே மாட்டேங்குது மாமா, தூள்ல கோளாறா?" என்று கேட்டிருந்தாய். வெளிநாட்டில் குடும்பம் வைத்த பிள்ளைகள் பலரும் இதையே கேட்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன். அவரவர் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளட்டும்.

உன் அம்மா, அதாவது என் அக்கா, அளக்காமல் போடுவதாக நீ நினைக்கிறாய். அளக்கத்தான் செய்கிறார். டீச்சட்டியில் கைப்பிடி ஆணிக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர், டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் வளைந்த ஸ்பூனால் மூன்று ஸ்பூன் தூள், அரை லிட்டர் பாக்கெட்டில் பாதிப் பால். எல்லாமே கணக்குதான். அந்தச் சட்டியும் ஸ்பூனும் பாக்கெட்டும் மதுரையிலேயே இருக்கின்றன. உன்னோடு விமானம் ஏறியது "மூணு ஸ்பூன்" என்ற பேச்சு மட்டும்தான். அம்மாவிடம் பக்குவம் கேட்டுப் போடும் டீ பாதிப் பேருக்குக் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

அதனால் அக்காவிடம் அளவு கேட்காதே, "கண் பார்த்துப் போடுறதுதான்டா" என்றுதான் பதில் வரும். புதுத் தூள் பாக்கெட் பிரிக்கும் நாளை காலண்டரில் குறித்து வைக்கச் சொல். தீரும் நாளையும் குறிக்கட்டும். வீட்டில் தினமும் ஏழு டம்ளர் போகிறது, 250 கிராம் பாக்கெட் 14 நாள் வருகிறது என்று வை. 98 டம்ளர் ஆச்சு. டம்ளருக்கு இரண்டரை கிராம். பாலுக்கும் இதே மாதிரி பாக்கெட் கணக்கு. தண்ணீருக்கு மட்டும் ஒருநாள் சட்டியில் ஊற்றியதை அப்படியே அளவு ஜாடியில் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னால் போதும். உன் பக்கத்தில், உன் ஸ்பூன் எவ்வளவு பிடிக்கிறது என்று தெரிந்துகொள். சமையலறைத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, ஐந்து கிராமை அதில் நம்ப முடியாது. பத்து ஸ்பூன் அள்ளிப் போட்டு மொத்தத்தை எடை பார்த்துப் பத்தால் வகுத்துக்கொள்.

இனி டீ. 150 மில்லி டம்ளரில் இரண்டு பேருக்கு, நம் ஊர்ப் பாலில்: தண்ணீர் 200 மில்லி, பால் 150 மில்லி, டஸ்ட் தூள் 5 கிராம், சர்க்கரை தலைதட்டி மூன்று டீஸ்பூன். 350 ஊற்றி 300 எடுக்கிறோம்; மீதி ஆவியாகவும் சக்கை குடித்ததாகவும் போய்விடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் தூள். உடனே தீயைக் குறைத்து ஒன்றரை நிமிடம். சாயம் நன்றாக இறங்கியதும் பாலை ஊற்று. பொங்கி மேலே வரும்போது குறைத்து, மறுபடி பொங்கவிட்டு, மொத்தம் இரண்டு நிமிடம் பாலோடு கொதித்தால் போதும். அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் மூடி வை. வடிகட்டி, சர்க்கரை போட்டு நாலு ஆத்து ஆத்து.

வரிசை மாறினால் என்ன என்று கேட்பாய். பாலிலேயே தூளைப் போட்டால், பாலில் இருக்கும் புரதம் தேயிலையின் துவர்ப்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். சாயமும் மெதுவாகத்தான் இறங்கும். வெளிறித் தெரிகிறதே என்று இன்னொரு ஸ்பூன் போடுவாய், அப்புறம் நிறம் வரும்வரை கொதிக்கவிடுவாய், கடைசியில் கசக்கும். துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. நாக்கு ஓரத்தில் இழுத்துப் பிடிப்பது துவர்ப்பு, அது டீக்கு வேண்டும். தொண்டையில் தங்கி நிற்கும் கசப்பு வந்தால் நேரம் கூடிவிட்டது என்று அர்த்தம், தூளைக் குறைத்துப் பயனில்லை.

இஞ்சியைத் தூளுக்கு முன்னாலேயே தட்டித் தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்கவிடு. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, நேரே பாலில் விழுந்தால் திரிந்துபோகும். கொதியில் அது செத்துவிடும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம் போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு. அதையும் சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பால் திரிந்ததும் பால்காரரைத் திட்டுகிற வீடுகள் ஏராளம்.

மேலே சொன்ன அளவை அங்கே அப்படியே போடாதே, பாலே வேறு. அக்கா வாங்குவது ஆவின் பச்சைப் பாக்கெட், கொழுப்பு 4.5 சதவீதம். உன் கடையில் "ஃபோல்மில்ஷ்" என்று விற்பது 3.5. அதே கொழுப்பு வரவேண்டுமென்றால் 150 மில்லி இருந்த இடத்தில் 190 மில்லி பால் ஊற்றித் தண்ணீரை 160 ஆக்கு. 1.5 சதவீதப் பாலை டீப் பக்கமே கொண்டுவராதே. அலமாரியில் மாசக்கணக்கில் நிற்கும் "ஹா-மில்ஷ்" பெட்டியும் வேண்டாம். அதிகச் சூட்டில் காய்ச்சி அடைத்த பால் அது, அந்தக் காய்ச்சல் வாடை டீயில் தனியாகத் தெரியும். குளிர்பெட்டியில் இருக்கும் "ஃப்ரிஷ்மில்ஷ்" வாங்கு.

அடுத்தது அடுப்பு. இன்டக்‌ஷன் தண்ணீரைச் சட்டென்று கொதிக்க வைத்துவிடும், பாலை அடிப்பிடிக்கவும் வைக்கும். பால் ஊற்றியதும் பாதிச் சூட்டுக்கு இறக்கிவிடு. அகலச் சட்டியை விட உயரமான சின்னப் பாத்திரம் நல்லது. அகலமானதில் நீர் வேகமாக வற்றி அளவே மாறிப்போகும்.

தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை. பெர்லின் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். உன் மின்கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா பார். அந்தச் சுண்ணாம்புதான் டீயை மங்கலாக்கி, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்றை மிதக்கவிடுகிறது. ஆடை என்று நினைத்து ஏமாறாதே. ஆடை சுருங்கி ஒன்றாக வரும். இது கரண்டி பட்டதும் சில்லுச் சில்லாக உடைந்து டம்ளர் ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். கொதிக்க வைத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது. வடிகட்டி ஜக்கில் பிடித்த தண்ணீரில் ஒருமுறை போட்டுப் பார், வித்தியாசம் நிறத்திலேயே தெரியும். உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை நாளாகியும் மாற்றாவிட்டால் மறுபடி பழைய கதைதான்.

கடைசியில்தான் தூள். நம் வீட்டு டீ என்பது சி.டி.சி. தூள்: இலையைப் பல் உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. 1930-களில் அசாமில் வந்த இயந்திரம் அது. பொடி மணியாக இருப்பதால் சாயம் நிமிடத்தில் இறங்கும், பாலுக்கும் ஈடுகொடுக்கும். நீ டீ பையைப் பிரித்து நம் முறையில் கொதிக்கவைப்பதாக எழுதியிருந்தாய். பை ஒன்றில் இரண்டு கிராமுக்குள்தான் இருக்கும், ஒரு டம்ளருக்கே காணாது. முழு இலையையும் கொதிக்கவைக்காதே. அதன் வாசனைக்குக் கொடுத்த காசு ஆவியோடு போய்விடும். இந்தியக் கடையில் அசாம் அல்லது நீலகிரி டஸ்ட் கிடைத்தால் அதுவே சரி.

கிடைக்காத நாளுக்கு ஒரு வழி உன் நாட்டிலேயே இருக்கிறது. ஜெர்மனியின் வடமேற்கு ஓரத்தில் ஓஸ்ட்ஃப்ரீஸ்லாந்து என்று ஒரு பகுதி. ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 300 லிட்டர் டீ குடிக்கிற ஜனம். அவர்கள் கலவை பெரும்பாலும் அசாம் தேயிலை, அதனால் சாயம் கனமாக இறங்கும். "ஓஸ்ட்ஃப்ரீஸிஷே மிஷுங்" என்று கேட்டு வாங்கு. இலை சற்றுப் பெரிசு என்பதால் தூளை ஆறு கிராமாக்கி, பால் ஊற்றுமுன் கொதியை மூன்று நிமிடமாக்கு. அவர்கள் போடும் முறையோ வேறு. கோப்பையில் முதலில் கல்கண்டு, அதன் மேல் சுடச்சுட டீ ஊற்றினால் படபடவென்று வெடிக்கும். ஓரமாக ஒரு ஸ்பூன் பாலேடு. கலக்கக் கூடாது. முதலில் ஏடு, நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு. மூன்று கோப்பைக்குக் குறைந்தால் மரியாதை இல்லை, போதும் என்றால் ஸ்பூனைக் கோப்பைக்குள் வைக்கவேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இவர்கள் டீயைத் தடுத்துப் பார்த்துத் தோற்றார். 2016-ல் ஜெர்மனியின் கலாச்சார மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. இருநூறு வருஷத்துக்கு மேல் வீடுவீடாக இறங்கி வந்த பழக்கம் என்றால் இதைச் சொல்லலாம்.

நம்முடையது அவ்வளவு பழசில்லை மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் இந்தியாவில் விளைந்த தேயிலை முக்கால்வாசியும் கப்பல் ஏறிய சரக்கு. 1903-ல் ஆங்கிலேயர் ஏற்றுமதித் தேயிலைக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் டீயைப் பரப்பினார்கள். வீடுவீடாகப் போய் டீ போட்டுக் காட்டினார்கள், ரயில் நிலையங்களில் செய்முறை எழுதிய எனாமல் பலகை மாட்டினார்கள். கொதிக்கும் நீரை இலையில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பாலைத் தனியே சேர் என்பது அவர்கள் சொன்ன முறை. நம் ஜனம் டீயை எடுத்துக்கொண்டது, முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொதிக்க வைத்தது. வசதியான வீடுகளில் காலைக் காப்பி அப்படியே இருக்க, டீ கடைத்தெருவில் வளர்ந்து பின்வாசல் வழியாகத்தான் அடுப்படிக்கு வந்தது. ஆகவே அக்கா பக்குவத்தில் நீ ஒன்றை மாற்றினால் மூதாதையர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

உன் மனைவி பால் டீயைத் தொடுவதில்லை என்றும், நீ அதைக் கிண்டல் செய்வதாகவும் எழுதியிருந்தாய். கிண்டலை நிறுத்து. யாழ்ப்பாணத்து வெறும் தேத்தண்ணியில் தப்பை மறைக்கப் பால் கிடையாது, அதனால் அதுதான் கஷ்டமான டீ. அதற்கு இலங்கையின் பி.ஓ.பி.எஃப். என்கிற உடைந்த சிறு இலைத் தேயிலை வேண்டும், சி.டி.சி. போட்டால் கறுத்துக் கடுக்கும். 250 மில்லிக்கு ஐந்து கிராம். கேத்தில் தண்ணீர் கொதித்த உடனே ஊற்றி, மூடி நாலு நிமிடம், அடுப்பில் ஏற்றவே கூடாது. செம்பழுப்பாக, டம்ளரின் அடி தெரிகிற மாதிரி இருக்கவேண்டும். கடினத் தண்ணீரின் கோளாறு பால் டீயை விட இதில்தான் பளிச்சென்று தெரியும், வடிகட்டிய தண்ணீரே ஊற்று. சீனியை உள்ளே போடாமல் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டோ, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டோ குடிப்பது அங்கே வழக்கம். இனிப்பு நாக்கில், சாயம் சாயமாகவே இருக்கும். சீனியும் கணிசமாகக் குறையும். அவர்கள் வீட்டுப் பால் தேத்தண்ணி மாப்பாலில், அதாவது பால் மாவில். மாவையும் சீனியையும் கொஞ்சம் சூடான சாயத்தில் குழைத்துக் களி மாதிரி ஆக்கிய பிறகுதான் மீதிச் சாயம். மாவில் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி கட்டியாக நிற்கும்.

வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாதவையும் உண்டு. வடித்த சக்கையோடு கொஞ்சம் புதுத் தூள் சேர்த்து மறுபடி கொதிக்கவைப்பது நெருக்கடிக் காலத்துச் சிக்கனம். இரண்டாம் கொதியில் நிறமும் கசப்பும்தான் மிச்சம், வாசனை முதல் தடவையே போய்விட்டது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதும் வேண்டாம். தேயிலையின் துவர்ப்புச் சத்து கீரை, பருப்பு, தானியத்திலிருந்து வரும் இரும்பை உடம்பில் ஏறவிடாது; குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடு. ரத்தசோகை இவ்வளவு இருக்கும் நம் ஊரில் இட்லிக்குப் பின்னாலேயே டம்ளரை நீட்டுவது எப்படி வழக்கமானதோ, அதுவும் பெண்களுக்கு. குழந்தை அழுதால் பாலில் இரண்டு சொட்டு டிகாஷன் விட்டுக் கொடுப்பதை அக்கா சிபாரிசு செய்வார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வெறும் பாலைக் கொடு.

அடுத்த மாதம் ஊரிலிருந்து வருபவரிடம் ஒரு கிலோ நீலகிரி டஸ்ட் கொடுத்தனுப்புகிறேன். மொத்தத்தையும் ஒரே டப்பாவில் கொட்டாதே. கால் கிலோவை மட்டும் பிரி, மீதி பாக்கெட் பிரிக்காமல் இருக்கட்டும். மசாலா டப்பா இருக்கும் தட்டில் வைக்காதே, தேயிலை வாடையை இழுத்துக்கொள்ளும். சோம்பு மணக்கும் டீயை நீயே குடிக்கவேண்டி வரும். குளிர்பெட்டியிலும் வேண்டாம், எடுத்து வைக்கும்போதெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். ஈர ஸ்பூனை உள்ளே விடாதே. நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு எழுது. நிறம், துவர்ப்பு, பால் அளவு மூன்றையும் தனித்தனியாகச் சொன்னால்தான் எதை மாற்றுவது என்று என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
மாமா