போன ஆஃப் பண்ணி வைக்காத ஆத்தா

ஆத்தா,

நேத்து ராத்திரி முழுக்க உன் நம்பரு ஸ்விட்ச் ஆஃப்னே வந்துச்சு. அம்மா பொட்டுத் தூக்கம் தூங்கல. காலைல மாப்பிள்ளைக்குப் போட்டப்பதான் சொன்னாரு, வயித்துல புள்ள இருக்கு ரேடியேஷன் ஆகாதுன்னு நீ போன ஆஃப் பண்ணி பீரோக்குள்ள வச்சிடுறியாம், எதிர்மாடில டவர் வந்ததுலருந்து ஜன்னலையும் தொறக்குறதில்லயாம்.

உன் பயம் அப்பாவுக்குப் புரியுது தாயி. ஆனா எக்ஸ்ரேயும் போனும் ஒன்னில்ல. எக்ஸ்ரேக்கு நம்ம உடம்பு செல்லுக்குள்ள இருக்குற டிஎன்ஏவ உடைக்கிற சக்தி இருக்கு, அதான் மாசமா இருக்கியான்னு கேட்டுட்டு எடுக்குறாங்க. போன்ல வர்றது ரேடியோ அலை, அதுக்கு அந்த வலு கிடையாது. 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு புத்துநோய் வர 'வாய்ப்பு இருக்கலாம்'ங்கிற வரிசைல இத சேத்தது நெசந்தான். அதுக்கப்புறம் 2024ல அதே நிறுவனம் கேட்டுக்கிட்டு, அதுவரைக்கும் வந்த ஆய்வெல்லாம் அலசுனதுல போனுக்கும் மூளைப் புத்துக்கும் தொடர்பு தெரியலன்னுதான் வந்துச்சு.

டவர் கிட்ட இருந்தா போன் கம்மியா அலை விட்டாப் போதும், தூரமா இருந்தாத்தான் அது மூச்சக் கட்டி வேலை செய்யும். தம்பி கடலுக்குப் போறப்ப பாத்திருக்கேன், பாம்பன் தாண்டி ஒத்தக் கோடு சிக்னல்ல போன் கையில வச்சாலே சுடும், சார்ஜும் மடமடன்னு இறங்கும், தனுஷ்கோடிப் பக்கம் போனா இலங்கை நெட்வொர்க்க வேற பிடிச்சுக்கும். நம்ம நாட்டுல டவருக்கு வரம்பு கறாருதான், 2012லயே உலக அளவுல சொல்லிருந்த வரம்புல பத்துல ஒரு பங்காக் கொறச்சுட்டாங்க. அதனால ஜன்னலத் தொற, நல்லா காத்து வரட்டும்.

மனசு கேக்கலன்னா ஸ்பீக்கர்லயோ இயர்போன்லயோ பேசு, காதுலருந்து ஒரு சாண் தள்ளுனாலே ரொம்பக் கொறஞ்சிடும். தலகாணிக்கு அடில மட்டும் சார்ஜ் போட்டு வைக்காத, பேட்டரி சூடாகி தீப்பிடிக்கும், நான் பயப்படுறது அதுக்குத்தான்.

புள்ளையப் பாக்குற அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் போக மாட்டேங்குறியாமே? அதுல ரேடியேஷனே இல்ல ஆத்தா, வெறும் சத்தம், நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். படகுல எக்கோ கருவி வச்சு கடல் ஆழம் பாக்குறோமே, சத்தம் கீழ போய் முட்டித் திரும்புறத வச்சு, அதே வேலைதான். டாக்டர் சொன்ன தேதிக்கு தவறாம போ. போனையும் ஆன்ல வையி, ராத்திரி வயித்துல எதாச்சும் செஞ்சா யாரக் கூப்பிடுவ? ஸ்கேன் முடிஞ்சதும் முதல்ல அம்மாவுக்குப் போடு.

அப்பா
தங்கச்சிமடம்