பழைய வேனுக்கு டர்போ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட பழைய வேன்கள் மேடு ஏறத் திணறினால் டர்போ (வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) பொருத்திக்கொள்ளலாம் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தார். அவருடைய ஆதங்கம் நியாயமானதே. ஆனால் இத்தகைய வண்டிகள் பலவற்றில், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த குதிரைத்திறனே இடையில் எங்கோ தொலைந்திருக்கும். அதை மீட்காமல் மேற்கொண்டு எதைப் பொருத்தினாலும் செலவுதான் மிஞ்சும்.

முதலில் செய்யவேண்டியது கம்ப்ரஷன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று பார்ப்பது. எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். நான்கும் ஏறக்குறைய 10 விழுக்காட்டு வேறுபாட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் சிறிது எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்கலாம். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வோ ஹெட் கேஸ்கெட்டோதான் (சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) காரணம்.

அடுத்து, பலரும் பார்க்கத் தவறும் ஓர் இடம் உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, மற்றவர், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் உள்ள திராட்டில் தகடு (பெடலுக்கு ஏற்பத் திறந்து மூடும் தகடு) முழுவதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் நீண்டுபோயிருந்தால் முக்கால் அளவோடு நின்றுவிடும். நல்ல எஞ்சினும் அப்போது இழுக்காது. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டாரைக் கையால் திருகி விட்டால், அது துள்ளித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உள்ளே உள்ள எடைகள் துருவேறி இறுகியிருக்கின்றன. வேகம் கூடக்கூடத் தீப்பொறி முன்கூட்டியே விழாமல், மேட்டில் வேண்டிய இழுவை கிடைக்காது. வால்வு இடைவெளி, பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி, ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கிளட்ச் நழுவுவதையும் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதையும் எஞ்சின் கோளாறு என்று நினைத்து எஞ்சினைப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் சரியான பிறகு, அளவான கூடுதலுக்கு இடமுண்டு. எப்படியும் ஹெட்டைக் கழற்றும் வேளையில் அதைச் சிறிது சீவி, அழுத்த விகிதத்தை (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற கணக்கை) 8-இலிருந்து 9-க்கு உயர்த்தலாம். கணக்குப்படி இதனால் கிடைக்கும் கூடுதல் திறன் 4 விழுக்காட்டுக்குள்தான், ஆனால் பெட்ரோலின் ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை) இடங்கொடுக்காவிட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கும். சைலன்சரையும் காற்றுப் பாதையையும் தடையற்றதாக மாற்றுகிறவர்கள் கார்புரேட்டர் ஜெட்டையும் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) சேர்த்துச் சரிபார்க்க வேண்டும். எரிதலுக்குச் சமநிலையான விகிதம் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்றாலும், முழுத்திறனுக்கு 12.5 முதல் 13 பங்கு வரையே வேண்டும். பாரத்துடன் மேடு ஏறும்போது பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தால் வெளியேற்று வால்வு கருகிவிடும்.

இவ்வளவு செய்தும் நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது. காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) கூடுவதால், திறனை 10 விழுக்காடு உயர்த்தினாலும் உச்ச வேகம் சுமார் 3 விழுக்காடுதான் ஏறும். பலன் தெரிவது மேட்டில்தான்; கீழ் கியருக்கு இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் ஏறிவிடும். பெரிய டயர் மாட்டியிருப்பவர்கள் பழைய அளவுக்குத் திரும்பினாலே இந்தப் பலனில் ஒரு பகுதி கைக்கு வந்துவிடும்.

டர்போ, பழைய பிஸ்டன்களுக்கும் பேரிங்குகளுக்கும் அவை வடிவமைக்கப்படாத அழுத்தத்தையும் வெப்பத்தையும் தருகிறது. ரேடியேட்டரும் பிரேக்கும் பழைய அளவிலேயே இருக்கின்றன. அளவான கூடுதல் போதாது என்பவர்கள், அந்த வண்டிக்கே தயாரிப்பாளர் பிற்காலத்தில் பொருத்திய கூடுதல் கொள்ளளவு எஞ்சின் ஏதேனும் இருந்தால், அதை அதற்குரிய ரேடியேட்டர், பிரேக்குகளோடு சேர்த்து மாற்றிக்கொள்வதே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்