பயம் வருவதற்கு முன்னால் பழகியிருக்க வேண்டும்

காரைக்குடி,
ஐப்பசி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கைக்கு வந்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். உன் முழங்கால் வலி என்னவாயிற்று என்று நீ எழுதவே இல்லை. வீட்டில் விசாரிக்கச் சொன்னாள். இங்கே இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, ஊருணி பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. பழைய வீட்டின் பின்கட்டில் ஓடு பிரித்து மேய்ந்தாயிற்று. நாட்டு ஓடு மேயத் தெரிந்த ஆளைப் பிடிக்கத்தான் பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று அலைய வேண்டியிருந்தது. கோடையில் பேரப்பிள்ளைகளோடு புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போய்வந்தோம். பிள்ளைகள் கடலைப் பார்த்தார்கள். துருவை ஆராய்ந்தே காலம் கழித்த நான் பெயிண்டைப் பார்த்தேன். அந்த உப்புக் காற்றுக்கு என்ன பூச்சு, என்ன கம்பி போட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். "ரிட்டயர் ஆன பிறகு ஏன் ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் அறிவியல் பேசுகிறாய்? நம் வேலை ஆராய்ச்சி, கட்டுரை. எளிமையாகச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும், மீதியைப் பத்திரிகை பொய்யாக்கிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். நீ கோபமாக எழுதவில்லை, அக்கறையாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று தெரியும். அதனால் நானும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தொண்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் கொத்தனார்களையும் கம்பி கட்டுகிறவர்களையும் கூட்டி என்னைப் பேசச் சொன்னார்கள். கடலோரம், போர்வெல் போட்டால் உப்புத் தண்ணீர், அதிலேயே கலவை. கட்டி முடித்துச் சில வருஷத்திலேயே சீலிங் பெயர்ந்து விழுகிறது, கம்பி பல்லிளிக்கிறது. நான் நமக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம், பிஎச் 12-க்கும் மேல். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் காவல் இருக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். பிறகு வருகிற துரு, கரைந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், உள்ளிருந்து தள்ளும், பூச்சு வெடித்து விழும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. அந்த விதியை நீயும் நானும் எத்தனை கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருப்போம்! மண்வெட்டி பிடித்துக் கலவை போடுகிற மனிதருக்கு அதை யாரும் சொன்னதே இல்லை.

பேசி முடித்ததும் வயதான ஒரு கொத்தனார் எழுந்தார். "சரிங்கய்யா, உங்க செட்டிநாட்டுப் பெரிய வீட்டுல கம்பியே கிடையாதே. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளையும்தானே. அதனாலதான் நூறு வருஷம் தாண்டி நிக்குதா?" என்றார்.

என்ன கேள்வி பார்! துரு பிடிக்க இரும்பு இல்லாத சுவருக்கு இந்த நோய் எப்படி வரும்? ஆமாம் என்றேன். பிற்பாடு இரும்பு உத்தரம் போட்டுக் கட்டிய வீடுகளில் மட்டும் தளம் வெடித்திருப்பதையும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் சொல்லத் தோன்றியது. சுண்ணாம்புக் காரை இறுகுவதே காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சித்தான். அதே வாயு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கினால் காரத்தைக் குறைத்துக் கம்பியின் காவலைக் கலைத்துவிடும். பழைய வீட்டுக்கு பலம் கொடுத்ததே புது வீட்டுக்கு வினையாகிறது. இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்த விஷயங்கள்தான். இத்தனை வருஷத்தில் ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பமே வந்ததில்லை. அந்தப் பெரியவர் கேட்டதால் வந்தது.

பிறகு தண்ணீரைச் சோதிக்கச் சுலபமான வழி இருக்கிறதா என்று கேட்டார்கள். சில்வர் நைட்ரேட் கரைசலில் சில சொட்டு விட்டால் குளோரைடு இருக்கும் தண்ணீர் வெள்ளையாகத் திரியும் என்று செய்து காட்டினேன். எவ்வளவு இருக்கிறது என்று அதில் துல்லியமாகத் தெரியாது, அதற்கு ஆய்வுக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். ஒருவரும் ஏமாந்த முகம் காட்டவில்லை. "சந்தேகப்பட்டா அனுப்பணும், அம்புட்டுத்தானே" என்று முடித்துவிட்டார்கள். எளிமையாகச் சொன்னால் பொய்யாகிவிடும் என்கிறாயே, இதில் பொய் எங்கே வந்தது? எதுவரை தெரியும், எதற்கு மேல் தெரியாது என்று சேர்த்துச் சொன்னால் எளிமை பொய்யாகாது.

நம் மின்வேதியியல் துறையே ஒரு பொதுக்கூட்டத்தில் முளைத்ததுதான், யோசித்துப் பார். ஃபாரடே கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் கட்டுகிற கடையில் வேலை. 1812-ல் கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டில்தான் ஹம்ப்ரி டேவியின் பேச்சைக் கேட்கப் போனார். கேட்டதை எல்லாம் எழுதி, தன் கையாலேயே அட்டை கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருஷமே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர். டேவி அன்றைக்கு உலகத்தின் முதல் வரிசை வேதியியலாளர். மேடை ஏறிப் பேசியதால் அவருடைய ஆராய்ச்சி ஒன்றும் கெடவில்லை. அவர் பேசாமல் இருந்திருந்தால், நாம் மின்பகுப்பு விதிக்கு யார் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்போமோ! ஃபாரடேயும் அதை மறக்கவில்லை. 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் 19 வருஷங்கள் பிள்ளைகளுக்குப் பேசினார். ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு எரிதல், நீர், காற்று, மூச்சு என்று முழு வேதியியலையும் சொன்னார். எதையும் மழுப்பவில்லை. ஒவ்வொன்றையும் கண்ணெதிரே செய்து காட்டினார்.

உன் கடிதத்தில் இன்னொரு வரி என்னை உறுத்தியது. "மக்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை நமக்கு எங்கே இருக்கிறது" என்று கேட்டிருக்கிறாய். நாம் ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்த இடத்தை நினைத்துப் பார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இந்தப் பொட்டல் காட்டுக்குச் சிக்ரி, நம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அது நடப்பது ஜனங்களின் வரிப்பணத்தில். பணம் போட்டவர்கள் கணக்குக் கேட்டால் பெட்டியடியில் உட்கார்ந்து வரிவரியாக எடுத்துச் சொல்லி வளர்ந்த ஊர் நம்முடையது. வரி கட்டும் ஜனங்கள் மட்டும் கேட்கக் கூடாதா? என் தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் அந்த வளாகத்தின் சுவரைத் தினமும் தாண்டிப் போகிறவர். உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று போன வருஷம்தான் என்னிடம் கேட்டார். இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா சொல்லுவாங்கன்னு தெரியாதுங்க" என்றார்.

இதைக் குன்றக்குடி அடிகளார் நம் எல்லாருக்கும் முன்னால் புரிந்துகொண்டவர். மடத்தின் தலைவராக இருந்துகொண்டு, கிராமத் திட்டம் போட்டு, இங்கே இருந்த விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துக்கொண்டு வந்தார். இந்த மண்ணில் என்ன விளையும், என்ன தொழில் நடத்தலாம் என்று ஊர் ஜனங்களோடு உட்காரவைத்துப் பேசவைத்தார். தேவாரம் பாடும் நாவால் அறிவியலையும் பேசினார். அவர் அழைத்ததால் போனார்கள். அழைக்க ஆள் இல்லாத ஊர்களுக்கு நாமாகப் போக வேண்டாமா?

நான் சொல்ல வருவது இதுதான்: பயம் வருவதற்கு முன்னால் பழகியிருக்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போட்டபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தியில் தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் பயந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தினார்கள். கடைசியில் முகாமின் நாட்களை நீட்டிக்க வேண்டி வந்தது. என் தங்கை ஊரிலும் அப்படித்தான். பெரிய டாக்டர்கள் டிவியில் வந்து பொறுமையாக விளக்கினார்கள்; யாரும் அசையவில்லை. ஊருக்குப் பல வருஷமாக வந்துபோகிற கிராம செவிலியர் ஒருத்தி வீடு வீடாக ஏறி இறங்கினாள். "உன் பிள்ளைக்கு நான்தானே முதல் ஊசி போட்டேன், அப்ப என்ன ஆச்சு?" என்று அவள் கேட்ட பிறகுதான் கையை நீட்டினார்கள். டாக்டர்கள் சொன்னதற்கு மேல் அவள் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்து நின்றவன் பேச்சுதான் பஞ்சாயத்தில் எடுபடும் இல்லையா, அதே கணக்குதான்.

தேனி பொட்டிப்புரத்திலும் இதுவே. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இன்றுவரை கட்ட முடியவில்லை. நியூட்ரினோ என்பது அணுவைவிட நுண்ணிய துகள். அது நம் உடம்பில் ஒவ்வொரு நொடியும் கோடானுகோடியாகப் புகுந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது, அதனால் ஒரு கெடுதலும் இல்லை. 1965-லேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் நம்மவர்கள் அதைப் பதிவு செய்தவர்கள். எவ்வளவு பெருமையான கதை! அந்தக் கதை தேனியின் டீக்கடைகளில் பல வருஷம் முன்பே புழங்கியிருக்க வேண்டும். விளக்கக் கூட்டங்கள் நடக்காமல் இல்லை. ஆனால் சந்தேகம் வந்த பிறகு சொல்லும் விளக்கம் சமாதானமாகத்தான் காதில் விழும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே ஜனங்கள் கேட்டது கதிர்வீச்சை மட்டுமல்ல. மலையைக் குடைய வெடி வைத்தால் பாறை என்னாகும், தண்ணீர் என்னாகும், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு என்னாகும் என்றும் கேட்டார்கள். அவை நியாயமான கேள்விகள். எல்லாவற்றையும் அறியாமை என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்கினால் நாளைக்கு நாம் சொல்லும் உண்மையையும் அவர்கள் அப்படித்தான் ஒதுக்குவார்கள். பேசுவது என்று நான் சொல்வதில் பாதி, கேட்பது.

சரியாக நடந்ததும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கீழடிக் குழிகளை ஜனங்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தார்கள், தோண்டியவர்களே நின்று விளக்கினார்கள். இன்றைக்குச் சிவகங்கை பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கார்பன் பகுப்பாய்வு என்று ஒன்று இருப்பதையாவது சொல்வார்கள். 2023-ல் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் அங்கே அருங்காட்சியகமும் திறந்தாயிற்று, நீ வரும்போது போகலாம்.

தமிழில் பேச வராது என்கிறாய். பெ.நா. அப்புசாமி ஒரு வக்கீல். அணுவையும் மின்சாரத்தையும் பற்றித் தமிழில் எழுதி எழுதியே வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். உனக்கோ ஆயுள் முழுக்க அறிவியல்தான் வேலை. பேட்டரியை பேட்டரி என்றே சொல், யாரும் அடிக்க வரமாட்டார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ லித்தியம் பேட்டரியோடு வாழ்க்கையைக் கழித்தவன். இங்கே கிராமத்துச் சந்துகளிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வந்துவிட்டது. 2022-ல் சில இடங்களில் வண்டி எரிந்த வீடியோக்கள் இன்னும் போன் போனாகச் சுற்றுகின்றன. நான் போகிற கூட்டங்களில் துருவைப் பற்றிப் பேசி முடித்ததும் கேட்பது இதைத்தான்: ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? வெயிலில் நிறுத்திய வண்டியை உடனே சார்ஜ் போடலாமா? மழைத் தண்ணீரில் ஓட்டலாமா? உப்பிப்போன போன் பேட்டரியை எங்கே போடுவது? சோலார் மோட்டாருக்கு எந்த பேட்டரி தாங்கும்? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஆனால் இவை உன் கேள்விகள். இன்னொரு வண்டி எங்காவது எரிந்து ஊரே பயந்து கிடக்கும் நேரத்தில் நீ டிவியில் தோன்றி விளக்கினால் யார் கேட்பார்கள்?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். தேவகோட்டைப் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியிலும், மறுநாள் இங்கே டூவீலர் மெக்கானிக்குகள் கூட்டத்திலும் பேச ஆள் கேட்டிருக்கிறார்கள். மெக்கானிக்குகள் கூட்டம்தான் முக்கியம்; ஊரில் எல்லாருடைய வண்டியும் அவர்கள் கைக்குத்தான் வருகிறது. பல்லவனில் வந்தால் ராத்திரி ஸ்டேஷனுக்கு நானே வந்துவிடுவேன். பழைய பேட்டரி செல் ஒன்றைப் பாதுகாப்பாகப் பிரித்து உள்ளே காட்டும்படி கொண்டுவர முடியுமா என்று பார். பிள்ளைகள் உள்ளே இருப்பதைப் பார்க்கத்தான் ஆசைப்படுவார்கள். வருகிறாய் என்றால் இந்த மாதத்துக்குள் எழுது, அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லாருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்